அம்மாவின் காலை உயர்த்திப் பிடித்தவர்

உங்களுக்கும் இப்போது பின்னேரமானால் கால் கனக்கும். செருப்பு வார் பதிந்த இடம் படுக்கப் போகும்வரை குழியாகவே இருக்கும். நம்முடைய வயதுக்காரர்கள் கோயிலிலோ செத்தவீட்டிலோ சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இப்போது கால்களைப் பற்றிப் பேசுகிறோம். அதையும் பேசி அலுத்துவிட்டது. ஆனாலும் கால் என்று பேச்சு வந்த பிறகு இதைச் சொல்லாமல் எழுந்து போக எனக்கு மனமில்லை. என் அம்மாவை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். அவளுடைய வலது கணுக்காலுக்கு மேலே சுட்ட பனங்காய்த் தோல்போலக் கறுத்துக் கிடந்த இடத்தையும் கண்டிருப்பீர்கள். அந்தக் காலோடு அவள் எப்படி உயிர் தப்பினாள் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

போன மாதம் புளியந்தீவில் ஒரு டொக்டரிடம் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால்கள் என்னுடையவை. இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு புடைத்து, மண்புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோல் ஆகிவிட்டது. டொக்டர் என் கடைசி மகளைவிட இளைய பெண். என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, பின்னங்காலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் கிளினிக் அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு கால் வரைந்தாள்.

நாம் நரம்பு, நரம்பு என்று சொல்லி வந்தது நரம்பே இல்லை. அது இரத்தக்குழாய். நெஞ்சிலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய்க்கு நாடி என்று பெயர். அதற்குச் சுவர் தடிப்பு. அது பெரும்பாலும் சதைக்கு அடியில் ஆழத்தில் ஓடும். இதயம் தள்ளுகிற ஒவ்வொரு தள்ளுக்கும் துடிக்கும். போகப்போகக் கிளைவிட்டு, கடைசியில் மயிரைவிட மெல்லிய குழாய்களாகி, கொடுக்க வேண்டியதைச் சதைக்குக் கொடுத்து, கழிவை வாங்கிக்கொள்ளும். பிறகு அந்த மெல்லிய குழாய்கள் ஒன்றுசேர்ந்து நாளங்களாகி, இரத்தத்தைத் திரும்ப நெஞ்சுக்குக் கொண்டுவரும். போவது சுலபம், வருவதுதான் பாடு என்றாள் அந்தப் பிள்ளை. பாதத்துக்குப் போய்ச் சேர்ந்த இரத்தத்திடம் இதயத்தின் தள்ளல் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். நாளத்தின் சுவரும் மெல்லியது. அது நெஞ்சுவரை ஏற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி அதைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. ஏறினது இறங்கிவிடாமல் நாளத்துக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை மேல்நோக்கி மட்டும் திறக்கும்.

ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் சதை பிழியாது. இரத்தத்தின் பாரமெல்லாம் அந்தக் கதவுகளின் மேல் கிடக்கும். வருடக்கணக்கில் அப்படிக் கிடந்தால் கதவு தளர்ந்துவிடும். ஏறினது இறங்கும். நாளம் வீங்கிச் சுருளும். தோல் கறுத்து மெலியும், அரித்துக் கடிக்கும், புண்ணாகும். ஒரு நாள் நகம் பட்டாலும் உடைந்துவிடும்.

உடைந்தால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா என்று டொக்டர் கேட்டாள். நான் சொன்னேன்: உடனே படுக்க வேண்டும், காலை நெஞ்சைவிட உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும், உடைந்த இடத்தைத் துணியால் அமத்திப் பிடிக்க வேண்டும், மேலே கயிறு கட்டக் கூடாது. அவளுக்கு ஆச்சரியம். ஆர் சொல்லித்தந்தது டீச்சர் என்றாள். ஒரு புடவை வியாபாரி என்றேன். அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் விஞ்ஞான ஆசிரியை அல்ல. ஆனாலும் ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பையும் எடுத்திருக்கிறேன். சிவப்புச் சோக்கால் நாடியும் நீலச் சோக்கால் நாளமும் வரைந்து, அம்புக்குறி போட்டு, பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த நீலக் கோடு என் அம்மாவின் காலில் ஓடியதுதான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. செட்டிபாளையத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வளவு. நம் பக்கத்து வழக்கப்படி வளவு பெண்களுக்குத்தான். அதில் ஒரு வீடு அம்மாவுக்கு, மற்றது பெரியம்மாவுக்கு. பெரியம்மா இளவயதில் புருசனை இழந்தவள். அம்மாவுக்குத் தாய் மாதிரி. அந்த வளவில் எது நடந்தாலும் அவள் சொல்லித்தான் நடக்கும். அப்பா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வட்டை என்கிற வயல்வெளியில் வேளாண்மை செய்தார். நெல் வெட்டுக் காலம் வந்தால் வயலோரத்து வாடிக் குடிலிலேயே கிடப்பார். மூன்று நாலு கிழமைக்கு வீட்டுப் பக்கம் வரமாட்டார்.

அம்மா நெல் மில்லுக்குப் போனாள். அரிசி கொட்டுகிற வாயில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. ஒரு சாக்கு நிறைந்தால் அதை இழுத்து விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இருந்து செய்யிற வேலையல்ல, நடந்து செய்யிற வேலையுமல்ல. காலையில் நின்ற இடத்தில்தான் பின்னேரமும் நிற்பாள். வெட்டுக் காலத்தில் மில் ஓயாது. அவள் வீட்டுக்கு வரும்போது கண்மடலெல்லாம் தவிடு ஒட்டியிருக்கும். அந்தச் சூடான தவிட்டு வாசம் எனக்குப் பிடிக்கும். இப்போது மாட்டுத்தீன் கடையைக் கடக்கும்போது அந்த வாசம் வந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

நாலு பிள்ளை பெற்ற பிறகு அவள் காலில் அந்தச் சுருள்கள் வந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. கடி தாங்காமல் சொறிந்ததில் ஒரு புண் வந்தது. அது ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. நஞ்சுக் கடி என்றார் விசகடி வைத்தியர். ஏதோ இலையை அரைத்துக் கட்டினார். கத்தரிக்காய், சூரை மீன், இறால் எல்லாவற்றையும் பெரியம்மா நிறுத்தினாள். ஆரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மில்லால் வந்ததும் பாயைப் போட்டுப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் உயர்த்தி வைத்துக்கொள்வாள். அப்படி ஒள்ளுப்பம், கொஞ்ச நேரம், கிடந்தால் வேதனை இறங்கும் என்பாள்.

பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளை விளக்கு வைக்கிற நேரத்தில் காலைச் சுவரில் வைத்துக்கொண்டு கிடந்தால் வீட்டுக்குத் தரித்திரம் வரும் என்றாள். அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் சாமிப் படம் வேறு. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் பக்கத்து வளவுக்காரிகள் இருக்கும்போதே ஏசினாள். அதற்குப் பிறகு அம்மா காலை உயர்த்தவில்லை. குசினி வாசலில் இருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பின்னேரம் முழுக்க முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பாள். நானும் அவளை ஒரு நாள் சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன். என் வயதில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை.

புடவைக் காக்காவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். முஸ்லிம் அண்ணன்மாரை நாம் காக்கா என்றுதானே கூப்பிடுவோம்; இவர் காத்தான்குடியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். பின்கரியரில் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதற்குள் சீத்தை, சாறன், வெள்ளைத் துணி, சட்டைத் துணி. அளக்கிற கோல் பித்தளைப் பூண் போட்டது, கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருக்கும். பெரிய குரல் இல்லாத மனிசன். வேலிக் கடப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணியை இரண்டு தரம் அடிப்பார். கடப்பைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்கமாட்டார். பெண்கள்தான் அங்கே போய்த் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்கெல்லாம் அவர் தைப்பொங்கல் சட்டைத் துணி கொண்டுவருகிறவர், அவ்வளவுதான்.

அன்று அம்மா மில்லில் நிற்க ஏலாமல் மத்தியானமே வந்துவிட்டாள். கிணற்றடியில் கால் கழுவினாள். புண்ணின் பொருக்கை விரலால் நனைத்துத் தேய்த்தாள். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொருக்கு கழன்றது. அந்த இடத்திலிருந்து, தையல் நூல் அளவில், இரத்தம் ஒரு கோடாகப் பாய்ந்து கிணற்றுக் கட்டில் பட்டது. அம்மா கத்தவில்லை. அதில் நோவே இல்லை என்று பிறகு சொன்னாள். ஏதோ ஆருடையதோ காலைப் பார்ப்பதுபோல் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நின்ற இடம் சிவந்து, கிணற்றடி வாய்க்காலில் இறங்கி, வாழைக்கு ஓடத் தொடங்கியது.

நான் போட்ட சத்தத்தில் பெரியம்மா ஓடி வந்தாள். அவள் பயந்து நிற்கிற ஆள் அல்ல. அம்மாவைத் தாங்கிக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள். காலுக்குக் கீழே ஒரு பேசின் சட்டியை வைத்தாள். கோப்பித்தூளை அள்ளி அப்பினாள். அது கரைந்து ஓடிற்று. தும்புக் கயிறு ஒன்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். இரத்தம் இன்னும் கூடிற்று. அதைக் கண்டு இன்னொரு சுற்று இறுக்கினாள். பேசினில் இரத்தம் விழுகிற சத்தம் மழைக்குப் பிறகு கூரைப் பீலி ஒழுகுகிற சத்தம்போல இருந்தது. அம்மாவின் உதடு வெளுத்தது. எனக்குத் தண்ணி தா என்றாள். பிறகு எனக்கு நித்திரை வருகிறது என்றாள்.

இப்போது டொக்டர் வரைந்த படத்தைப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. நாடி ஆழத்தில், தடித்த சுவரோடு ஓடுகிறது. ஒரு கயிற்றுக்கு அது இலகுவில் அடங்காது. மேலே, தோலுக்கு அடியில், மெல்லிசாக ஓடுகிற நாளம்தான் முதலில் அடைபடும். இதயம் இரத்தத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகிற வழியைப் பெரியம்மா கயிற்றால் அடைத்துவிட்டாள். இருந்த ஒரே வழி அந்த ஓட்டைதான். தன் தங்கச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று எவ்வளவு இறுக்கினாளோ, அவ்வளவு இரத்தம் போனது.

கடப்பில் மணி இரண்டு தரம் கேட்டது.

நான் ஓடினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர் என் கையையும் சட்டையையும் பார்த்தார். சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வாசலில் அம்மாவைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு சொன்னார்.

"கயித்த அவுளுங்க. இருத்தி வைக்காதீங்க. படுக்கப் போடுங்க."

பெரியம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "நீங்க வெளிய போங்க காக்கா. பொம்பளையள் இரிக்கிற இடம்."

அவர் அவளைச் சுற்றி உள்ளே வந்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார். அம்மாவை அக்குளில் பிடித்து நிலத்தில் கிடத்தினார். அவளுடைய காலைத் தூக்கி, புண்ணின் மேல் தன் பெருவிரலை வைத்து அமத்தினார். என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"மகள், இஞ்ச இரி. அம்மாட குதிய ஒன்ட தோளில வெச்சிக்க. ஆடாத."

நான் இருந்தேன். அம்மாவின் குதி என் தோளில். அந்தக் காலுக்கு அவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குளிர்ந்து, ஈரமாக, கோப்பித்தூள் வாசத்தோடு இருந்தது. அவர் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணிக் கட்டைக் கொண்டுவரச் சொல்லி என் தம்பியை அனுப்பினார். அது வந்ததும் ஒரு துண்டைக் கிழித்து மடித்து, விரலை எடுத்த இடத்தில் வைத்து மறுபடி அமத்தினார். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். கால் உயர்ந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சுருள்கள் வற்றி, தோலோடு தோலாகப் போனதை என் கண்ணுக்கு நேரே கண்டேன். துணியில் சிவப்பு ஒரு சல்லிக்காசு அளவுக்கு ஊறி, அங்கேயே நின்றுவிட்டது.

மாட்டு வண்டில் பிடித்து அம்மாவை ஏற்றியபோதும் காலுக்குக் கீழே மூன்று நெல்மூட்டை வைக்கச் செய்தது அவர்தான். ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே போகிறாள் என்று பெரியம்மா வெட்கத்தில் தன் சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டே போனாள். காக்கா சைக்கிளில் முன்னால் போய் ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது ஆட்கள் தயாராக நின்றார்கள். அவர் வெளி வாசலில் நின்று, அம்மாவை உள்ளே கொண்டுபோவதைப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய சாறன் முழுக்க இரத்தம்.

இதிலிருந்து கதை வேறு வழியில் போனது. தெருவில் அவரைக் கண்டவர்கள் ஏதோ கேட்டார்கள், ஆரோ ஏதோ சொன்னார்கள். இரண்டு நாளில் அது புடவைக்காரன் ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள்ளே பூந்து பொம்பளையின் காலைப் பிடித்தான் என்று ஆகிவிட்டது. பெரியம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதை மறுக்கவும் இல்லை. தான் கட்டிய கயிறுதான் இரத்தத்தை நிறுத்தியது, அந்த மனிசன் அவிழ்த்து அலங்கோலமாக்கினான் என்று அவள் சாகும்வரை நம்பினாள். அதை அவள் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குச் செய்தி ஓடத்துறையிலேயே கிடைத்துவிட்டது. அதுவும் அந்த இரண்டாவது விதத்தில். ஐந்தாம் நாள் வந்தார். ஆசுபத்திரிக்குப் போய் அம்மாவைப் பார்த்தார். அவள் பேசத் தெம்பில்லாமல் கிடந்தாள். வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். அவர் காலில் வட்டைச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"புள்ள, அவன் உள்ள வந்தானா?"

"ஓம்."

"அம்மாட காலப் புடிச்சானா?"

"ஓம் அப்பா."

வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிய பிள்ளைகள் நாம். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சரியில்லை. எனக்குச் சொல்ல வாய் இருந்தது. இரத்தம் நின்றது அப்பா என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள். அந்த மனிசன் எங்கள் வீட்டுக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று நானும் அந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

காக்கா வழக்கமான நாளுக்கு முன்னமே வந்தார். வியாபாரத்துக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. வழியில் மணியே அடிக்கவில்லை. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தெருவிலேயே மறித்தார்கள். நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். அப்பா அடிக்கவில்லை. பெட்டியின் கயிற்றை வெட்டி, அதைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்தார். இந்த ஊருக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்றார். இன்னும் சில சொற்கள் சொன்னார். அவற்றை நான் சொல்லப்போவதில்லை.

காக்கா கானுக்குள் இறங்கினார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, சேற்றுப் பக்கத்தை உள்ளுக்கு வைத்து மடித்தார். அளவுகோலைத் தேடி எடுத்துச் சாறனில் துடைத்தார். எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"தங்கச்சி எப்பிடி இரிக்கா?"

காக்கா பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை. பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உருட்டியே போனார்.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் அது அவளுக்குத் தெரிய வந்தது. எனக்குத் தலை சீவி இழுத்துக்கொண்டிருந்தாள். புடவைக் காக்காவைக் காணவில்லையே, ஒரு சொல் சொல்ல வேண்டுமே என்றாள். நான் சொல்லிவிட்டேன். கானைப் பற்றியும், நான் சொன்ன இரண்டு ஓமைப் பற்றியும். அவள் சீப்பை நிறுத்தவில்லை. இரண்டு பின்னலையும் பின்னி, ரிப்பன் கட்டி முடித்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை, அப்பா அக்கரைக்குப் போன பிறகு, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெரியம்மாவிடம் கிளினிக் என்றாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். காத்தான்குடியில் இறங்கி இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துப் போனோம். அம்மா பத்து அடிக்கு ஒரு தரம் நின்றாள். வீட்டு வாசலில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவருடைய மனைவி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, இன்னொரு கதிரையை அம்மாவின் காலுக்கு முன்னால் இழுத்து வைத்தாள். ஒன்றும் கேட்காமலே வைத்தாள்.

அவர் வந்து கதவு நிலையில் நின்றார். அம்மா எழும்பப் பார்த்தாள். எழும்ப வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"என்ட உசிரக் காப்பாத்தின நீங்க," என்றாள் அம்மா. "எங்கட ஆக்கள் ஒங்கள அப்பிடிச் செஞ்சிட்டாங்க. எனக்கு எழும்ப ஏலாமக் கிடந்த நேரம். மன்னிச்சிக்கங்க காக்கா."

தறிச் சத்தம் நின்றது. அவர் தன் ராத்தாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கு மூத்த சகோதரி. நூலுக்குச் சாயம் போடுகிற தொட்டியடியில் வருடக்கணக்கில் நின்றவள். அவள் காலிலும் அதே சுருள்கள், அதே கறுப்பு. ஒரு நாள் அவளுக்கும் உடைந்தது.

"ராத்தாவக் கதிரையிலதான் நாங்க இருத்தி வெச்ச. கீழ சட்டி. முழங்காலுக்குக் கீழ கயிறு கட்டி, நான்தான் இழுத்துப் புடிச்சிட்டு நிண்ட. ரெத்தம் நிக்கல்ல எண்டு இன்னும் இழுத்த. கதிரையிலயே போயிட்டா." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "பொறகுதான் டாக்குத்தர் சொன்னார். அவிட்டுப்போட்டு, படுக்கப்போட்டு, கால உயத்தியிருந்தாப் போதுமாம். அவ்வளவுதானாம்."

அவருடைய மனைவி புதுத் துணியிலிருந்து கையகலத்துக்கு நீளமான பட்டி ஒன்று கிழித்தாள். அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்து, விரலடியில் தொடங்கி, மேல்நோக்கிச் சுற்றினாள். கீழே இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. காலையில் பாயால் எழும்புவதற்கு முன்னம் சுற்ற வேண்டும், நிற்கிற வேலையென்றால் இடைக்கிடை நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா சாகும்வரை அப்படித்தான் சுற்றினாள். இந்த வயதில் எனக்கு அந்த டொக்டர் எழுதித் தந்த இறுக்கமான காலுறையும் அதே வேலையைத்தான் செய்கிறதாம்.

புறப்படும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. நான்தான் அப்பாவிடம் ஓம் என்று சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ பொய் சொல்லல்லயே மகள்," என்றார்.

அது ஆறுதல் சொன்னதா, இல்லையா என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை. அம்மா மறுபடியும் எங்கள் பக்கம் வரச் சொல்லிக் கேட்டாள். பாப்பம் என்றார். அவர் வரவில்லை. பிறகு வந்த வருடங்களில் கலவரங்களால் அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் இடையில் போய்வருவதே பாடாகிப் போனது உங்களுக்குத் தெரியும். அவர் எப்போது மௌத்தானார் என்றுகூட எங்களுக்குச் செய்தி வரவில்லை.

நாங்கள் திரும்பி வரும்போது அப்பா வீட்டில் இருந்தார். ஏதோ சாமான் எடுக்க அக்கரையிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். இது ஆர் சுத்தினது என்று கேட்டார். அம்மா கதிரையில் இருந்து, காலை மற்றக் கதிரையில் தூக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா குசினி வாசலில் நின்று கேட்டாள். தன் கயிற்றைப் பற்றி வந்த இடத்தில் மட்டும் உள்ளே போய்விட்டாள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அம்மா அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்த ராத்தாவின் கதையை அவர் சொன்ன அதே சொற்களில் சொன்னாள்.

அடுத்த நாள் விடிய அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வடக்குப் பக்கமாகப் போவதை நான் தெருவில் நின்று பார்த்தேன். மத்தியானம் திரும்பி வந்தார். முகமெல்லாம் வெயில். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வீட்டில ஆளில்ல," என்றார்.

வாசலில் தறி ஓடுகிற வீடு அது. அங்கே ஆளில்லாத நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் சோற்றைப் போட்டு அவருக்கு முன்னால் வைத்தாள்.

"அப்ப நாளைக்குப் போங்க," என்றாள்.

அப்பா ஓம் என்றார். அடுத்த நாள் வயலில் நெல் சூடடிப்பு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.